லில்லிபுஷ்பத்தின் பலாமரத்துக்குக் காய்ச்சல் வந்த வருடம்

பங்குனி பிறந்து ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு, லில்லிபுஷ்பம் சிஸ்டரின் முற்றத்தில் நின்ற பலாமரத்துக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல் இருந்தது. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தவர் இடுப்பை நிமிர்த்த மரத்தில் கையை ஊன்றினார், ஊன்றிய கையை எடுத்தார், புறங்கையை வைத்து மறுபடியும் பார்த்தார், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்த் தெர்மாமீட்டரை எடுத்து வந்து, இரண்டு உதறு உதறி, முதல் கிளை பிரிகிற இடத்தில், அதாவது மனிதனுக்குக் கக்கம் இருக்கிற இடத்தில், இரண்டு நிமிடம் செருகி வைத்தார். அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் வேறு என்ன செய்வார். பழைய டைரியில் ஒரு தாளைக் கிழித்து, கோடு போட்டு, தேதி, நேரம், காய்ச்சல் என்று எழுதி, அதை ஓர் அட்டையில் குத்திக் கிளையில் தொங்கவிட்டார். அதற்குப் பிறகுதான் புருஷனுக்குக் காப்பி போட்டார்.

பனச்சவிளையில் எங்கள் தெருவில் இருபத்தாறு வீடு. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று காதில் விழுந்தால் அன்று சாயங்காலமே போய்ப் பார்த்துவிட வேண்டும், வெறுங்கையோடு போகக் கூடாது, போனால் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும், உட்கார்ந்தால் இதே நோய் வந்து போய்ச் சேர்ந்த சொந்தக்காரர் ஒருவரைப் பற்றியாவது சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இது எங்கள் ஊர் ஒழுங்கு. மரத்துக்குக் காய்ச்சல் என்றதும் அதெப்படி என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டோம். ரொட்டிப் பாக்கெட்டும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஏந்திக்கொண்டு வரிசையாக வந்தோம், மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம், பட்டையைத் தொட்டுப் பார்த்து உச்சுக் கொட்டினோம். தன் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் உடம்பு அனலாய்க் கொதித்தது, மூன்றாம் நாள் அடக்கம் பண்ணினோம் என்று அடுத்த வீட்டு ரத்தினபாய் மரத்தின் பக்கத்தில் நின்றே சொன்னாள்.

"மெல்ல பேசு ரத்தினம். அதுக்கு கேக்கும்," என்றார் சிஸ்டர்.

"கேக்கட்டும் சிஸ்டரே. வெவரம் தெரிஞ்சாதானே அதுக்கும் ஒரு தைரியம் வரும்."

சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் ஒருத்தி ஹார்லிக்ஸைக் கரைத்து அடிமரத்தில் ஊற்றினாள், இன்னொருத்தி சுக்குக் காப்பி ஊற்றினாள், வேறொருத்தி உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைச் சூடாறாமல் ஊற்றினாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'பார்வையாளர் நேரம் மாலை 4 முதல் 6 வரை. வெளி உணவு கூடாது' என்று எழுதிச் சிஸ்டர் கேட்டில் மாட்டினார். எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டோம்.

மருந்து சொல்ல ஆள் பஞ்சமா. தேங்காய் வெட்டுகிற தங்கப்பன் மரத்தை மூன்று சுற்றுச் சுற்றி, அங்கங்கே தட்டிப் பார்த்து, உள்ளே வண்டு துளைத்திருக்கிறது என்று அடித்துச் சொன்னான். கம்பியை ஓட்டைக்குள் விட்டு அரை மணி நேரம் குடைந்தான். வண்டு வரவில்லை, இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி மட்டும் வந்தது. விவசாயம் படித்த ஒருவர் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் குழைத்து இடுப்பளவுக்குப் பூசச் சொன்னார். பூசியதும் மரம் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பார்க்க லட்சணமாக இருந்தது, காய்ச்சல் அரை டிகிரிகூட இறங்கவில்லை. போதகர் வந்து ஜெபம் செய்தார். அம்மன் கோயிலில் இருந்து திருநீறு வந்தது. இரண்டையும் சிஸ்டர் மரியாதையோடு ஏற்றுக்கொண்டு அட்டையில் குறித்து வைத்தார்: 'ஜெபம், மாலை 5.10. திருநீறு, மாலை 5.40. மாற்றமில்லை.'

இதையெல்லாம் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் சிஸ்டரின் புருஷன் எபனேசர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. கால் தேறியது, பேச்சு தேறியது, கை மட்டும் தேறவில்லை, மடியில் எடுத்து வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். மலைப்பாதையில் ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டு, விரலிடுக்கில் டிக்கெட்டுக் கட்டுகளைச் செருகி, டிக்கெட் கிழித்து, சில்லறை கொடுத்து, நிற்க இடமில்லாத தாயிடமிருந்து கைக்குழந்தையை வாங்கி முன் சீட்டில் யார் மடியிலாவது பத்திரமாக உட்கார வைத்த கை அது.

விழுவதற்கு முந்தின வருடம், ஓய்வு பெற்ற சூட்டில், எபனேசர் முற்றம் முழுவதும் செம்மண் அடித்து ஒன்றரை அடி உயர்த்தி, சிவப்பும் சாம்பலுமாக இன்டர்லாக் கல் பதித்தார். ஆள் வைக்கவில்லை, ஒவ்வொரு கல்லையும் தன் கையால் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, நூல் பிடித்துச் சரிபார்த்தார். மரத்தைச் சுற்றி ஒரு சருகுகூட நுழையாதபடி பட்டையோடு ஒட்டச் சிமெண்டு வளையம் கட்டினார். எங்கள் பக்கத்தில் கையில் கொஞ்சம் வசதி வந்தால் முதல் வேலையாக முற்றத்து மண்ணை மூடிவிடுவோம். மண் தெரிகிற முற்றம் எங்களுக்கு மானக்கேடு. எபனேசரின் முற்றத்தைப் பார்த்து வயிறெரிந்துதான் மற்ற இருபத்தைந்து வீட்டிலும் கல் பதித்தோம். அந்தக் கை செய்த கடைசி வேலை அந்த முற்றம்.

சித்திரையில் காய்ச்சல் நூற்று மூன்றரையைத் தொட்டது, வைகாசியில் நூற்று ஐந்து ஆனது, மேல் கிளைகளில் இலைகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தன, அடிமரத்தில் கறுப்பாக நீர் வடிந்தது, சிஸ்டரின் அட்டையில் தாள் மேல் தாளாகச் சேர்ந்தது. ஆனியில் மழை பிடித்தது. மழை பிடித்ததும் நாங்கள் நோயாளி பார்க்கப் போவதை விட்டுவிட்டுக் குளிர் காயப் போக ஆரம்பித்தோம்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மழை ஒருமுறை பிடித்தால் பத்து நாள் விடாது. துணி காயாது, பாயில் பூஞ்சணம் பூக்கும், உப்புச் சாடியில் தண்ணீர் நிற்கும். சிஸ்டரின் மரத்தைச் சுற்றி நாலு முழத்துக்கு மட்டும் மழை விழுவதற்குள் ஆவியாகிவிடும், கல் காய்ந்து கிடக்கும். முதலில் ரத்தினபாய் கேட்டுவிட்டு ஒரு கொடி கட்டினாள். பிறகு நாங்கள் கேட்காமல் கட்டினோம். பள்ளிக்கூட யூனிபார்ம் காய்ந்தது, படுக்கை விரிப்பு காய்ந்தது, கருவாடு காய்ந்தது, ரப்பர் ஷீட் உலர்த்தப் புகைக்கூடு இல்லாதவர்கள் அதைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள், முட்டுவலிக்காரர்கள் ஸ்டூல் போட்டு முழங்காலைப் பட்டையோடு ஒட்டி வைத்துக்கொண்டு பத்திரிகை படித்தார்கள், பிள்ளை பெற்றவள் ஒருத்தி குளிப்பாட்டிய குழந்தையைத் தூக்கிவந்து இரண்டு பக்கமும் புரட்டிக் காட்டிவிட்டுப் போனாள். அதற்குமேல் ஓர் அதிசயம், சக்கை, அதாவது பலாக்காய், மரத்திலேயே வெந்தது. தங்கப்பன் ஏறிக் கயிறு கட்டி இறக்கினால், வெட்டும்போதே பூப்போல மலர்ந்து ஆவி பறக்கும். தேங்காயும் மிளகாயும் சதைத்துப் போட்டால் போதும். நாங்கள் தட்டோடு போனோம். ருசி அப்படி ஒரு ருசி.

"கர்த்தரா பாத்து தந்த அடுப்பு," என்றாள் ரத்தினபாய், வாயில் சக்கையோடு.

"அது அடுப்பு இல்ல, ரத்தினம். காச்சலாக்கும்," என்றார் சிஸ்டர். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டோம்.

அந்த ஆனி மாதம்தான், மழைக் குளிருக்கு எபனேசரின் உடம்பு நடுங்குகிறதே என்று சிஸ்டர் அவரையும் நாற்காலியோடு நகர்த்தி மரத்தடிக்குக் கொண்டுவந்து, வலது கையைத் தூக்கிப் பட்டைமேல் சாய்த்து, விழாதபடி தலையணை முட்டுக்கொடுத்து வைத்தார். முதல் நாள் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் சுண்டுவிரல் அசைந்தது. எபனேசர் அதைச் சொல்லவில்லை, சொன்னால் நின்றுவிடுமோ என்று பயந்தார். சிஸ்டரும் பார்த்துவிட்டு அதே பயத்தில் சொல்லவில்லை. இரண்டு பேரும் இரண்டு நாள் ஒருவருக்கொருவர் தெரியாமல் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் மூன்று விரல் மடங்கியது. ஆடி முதல் வாரம் கட்டைவிரலும் சேர்ந்துகொண்டது. ஒரு காலையில் எபனேசர் வெற்று டம்ளரை வலது கையால் தூக்கி மரத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார், கல்யாண வீட்டில் இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்கிறவரைப் போல. சிஸ்டர் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

அதே வாரத்தில்தான் மரத்தின் நோய் என்னவென்று சிஸ்டருக்குப் பிடிபட்டது. ரத்தினபாயின் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் விழுந்த தென்னை மட்டையை எடுக்கப் போனவர், அங்கே நின்ற பலாமரத்தைப் பார்த்து நின்றுவிட்டார். யாரும் கவனிக்காத மரம், கல்லும் இல்லை வளையமும் இல்லை. மண்ணைத் தொடும் இடத்தில் அது அகன்று, விரிந்து, நாலாபுறமும் வேரை ஊன்றி, பாதம் பதித்து நின்றது. சிஸ்டர் மட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தன் மரத்தின் அடியைக் குனிந்து பார்த்தார். அது விளக்குக் கம்பத்தைப் போல நேராகக் கல்லுக்குள் இறங்கியிருந்தது. பாதம் இல்லை. பாதம் ஒன்றரை அடிக்குக் கீழே செம்மண்ணுக்குள் புதைந்து, மேலே கல்லும் சிமெண்டும் இறுகி, நாலு வருடமாக மூச்சில்லாமல் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆண்கள் வார்டில், பாறையிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட ஒருவருக்கு எங்கேயோ இறுக்கிக் கட்டிய கட்டோடு காய்ச்சல் ஏறிக்கொண்டே போனதும், எல்லோரும் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்க, தான் மட்டும் விரல்நுனி நீலமாக இருப்பதைப் பார்த்துக் கட்டை அறுத்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது. இதற்கும் கட்டுத்தான் நோய். அறுத்தால் பிழைக்கும். சிஸ்டருக்கு அதில் இம்மியளவும் சந்தேகம் இல்லை.

சந்தேகம் இல்லாமலே அவர் பதினோரு நாள் ஒன்றும் செய்யவில்லை. கல்லை எடுத்தால் காய்ச்சல் இறங்கும், காய்ச்சல் இறங்கினால் சூடு போகும், சூடு போனால் அந்தக் கை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. காலையில் தெர்மாமீட்டரை எடுப்பார், தாளில் எழுதுவார், எழுதியதைப் பார்க்காமல் தாளைத் திருப்பிவிடுவார். நாற்காலியை மரத்தடிக்கு நகர்த்தும்போது மனதில் கணக்கு ஓடும், இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் மணிக்கட்டு திரும்பும், இன்னும் இரண்டு வாரம் கிடைத்தால் முழங்கை மடங்கும் என்று. ஒரு நோயாளியின் காய்ச்சலில் இன்னொரு நோயாளிக்கு ஒத்தடம் கொடுக்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது, தெரிந்தே செய்தார், செய்ததற்காக உள்ளுக்குள் கூசிப்போனார். பன்னிரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, காற்றே இல்லாத நேரத்தில், மேற்குப் பக்கத்துப் பெரிய கிளை தன் இலை முழுவதையும் ஒரே தடவையாக உதிர்த்தது. தெர்மாமீட்டரில் நூற்று ஏழு. பாதரசம் ஏற இன்னும் ஒரு டிகிரிக்குத்தான் கண்ணாடியில் இடம் இருந்தது.

எபனேசர் மடியில் விழுந்த இலைகளை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் எடுத்துக் கீழே போட்டார். பிறகு கேட்டார்.

"லில்லி, நீ என்னத்தையோ மறைக்க. கொஞ்ச நாளா எனக்க மொகத்தப் பாக்காமதான் சோறு வைக்க."

சிஸ்டர் எதிரே கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பாதத்தைச் சொன்னார், இறுகிய கட்டைச் சொன்னார், கையைச் சொன்னார்.

"எனக்க கல்லா?" என்றார் எபனேசர்.

"கல்லும் மண்ணும் சிமெண்டும். நீங்க தெரியாம செஞ்சது. எனக்கு தெரிஞ்சும் நான் பேசாம இருந்தேன். நான்தான் தப்பு."

அவர் முற்றத்தைப் பார்த்தார். நூல் பிடித்த நேர்த்தி இன்னும் அப்படியே இருந்தது. பிறகு கையைப் பார்த்தார், நாலு விரலை மடக்கினார், பிரித்தார்.

"பஸ்ஸில ஆளு நெரிஞ்சு ஒருத்தனுக்கு மூச்சு முட்டினா நான் என்ன செய்வேன்?"

"வண்டிய நிறுத்துவிய."

"நிறுத்தி?"

"எறக்கிக் காத்து வாங்க விடுவிய."

"எனக்கு போற எடத்துக்கு நேரமாச்சு, நீ ஓட்டு, அவன் கெடக்கட்டும்னு ஒருத்தன் சொன்னா?"

"அப்பிடி சொன்னவன எறக்கி விட்டுட்டு போவிய."

"அதாக்கும் சொல்லுதேன்," என்றார் எபனேசர். பிறகு விரல்களை மறுபடியும் மடக்கிக்கொண்டே, "கை போனா போவட்டும்னு சொல்ல மாட்டேன் கேட்டியா. எனக்கு இந்தக் கை வேணும். ரொம்ப வேணும். ஆனா இதுக்க உயிர வாங்கி வேண்டாம்."

எந்த வார்டிலும், எந்த மரணத்திலும் அழாதவர் என்று பெயர் வாங்கிய சிஸ்டர், பட்டப்பகலில், காய்ந்துகொண்டிருந்த எங்கள் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் எழுந்து எங்கள் துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து எடுத்து, மடித்து, வீட்டு வாரியாக அடுக்கி, மறுநாள் காலை அவரவர் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "வார்டு மூடியாச்சு," என்று சொன்னார்.

நாங்கள் சும்மா இருப்போமா. கூட்டமாக வந்தோம். ரத்தினபாய்தான் பேசினாள். "சிஸ்டரே, இப்பளே எடுக்கணுமா? மழை கழியட்டும், ஆவணி ஒண்ணு போவட்டும், பின்ன எடுக்கலாமே. அண்ணனுக்க கையும் நல்லா வந்துட்டு இருக்கு இல்லியா? அத நெனச்சாவது..."

"ஆவணிக்கு வெறகுதான் இருக்கும். அப்பளும் நல்லா எரியும், குளிரு காயலாம்," என்றார் சிஸ்டர். குரலில் கோபம்கூட இல்லை, வார்டில் வழக்கமாகப் பேசுகிற குரல். "அண்ணனுக்க கைய நான் நெனக்காமலா இருக்கேன்? வழி விடுங்க, எனக்கு கடப்பாரை எடுக்கணும்."

நாங்கள் வழி விடவில்லை. அந்த நேரத்தில் எங்களுக்குப் பின்னால் உரசுகிற சத்தம் கேட்டது. எபனேசர் நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்து, மரத்தை ஒட்டிய வளையத்துக்கு இடது கையால் உளியை முட்டுக்கொடுத்து, பிளந்த சிமெண்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லின் இடுக்கில் வலது கையின் நாலு விரலையும் விட்டு, நெம்பிக்கொண்டிருந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. கல் அசைந்து, கழன்று, மேலே வந்தது. அடியில் செம்மண் செங்கல்லைப் போல இறுகியிருந்தது. அவர் அந்தக் கல்லைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த கல்லில் விரலை விட்டார், எங்களில் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலில் தங்கப்பன் சட்டையைக் கழற்றினான். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்தோம். அன்றைக்கும் மறுநாளும் கொட்டுகிற மழையில் இருபத்தாறு வீட்டு ஆட்களும் கல்லைப் பெயர்த்தோம், சிமெண்டை உடைத்தோம், வேரில் அடிபடாமல் கையாலும் தேங்காய்ச் சிரட்டையாலும் மண்ணைத் தோண்டிச் சட்டியில் அள்ளிக் கடத்தினோம். சூட்டில் கைகள் கொப்பளித்தன. மூன்றாம் நாள் பாதம் தெரிந்தது. பாதத்துக்குக் கொஞ்சம் மேலே, மூச்சுக்கு வழி தேடி மேல்நோக்கி வந்த வேர் ஒன்று, வளையத்தில் முட்டி, வெளியே போக வழியில்லாமல் மரத்தையே சுற்றி வளைத்து இறுக்கியிருந்தது. கைத்தண்டை அளவு பருமன். அது பட்டையைக் கடித்த இடத்திலிருந்துதான் கறுப்பு நீர் வடிந்துகொண்டிருந்தது.

"சிஸ்டரம்மா, அது மரத்துக்க சொந்த வேராக்கும்," என்றான் தங்கப்பன். "அத வெட்டினா மரமே போயிடும். நான் தொட மாட்டேன்."

"உளிய இங்க தா," என்றார் சிஸ்டர்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, வேரைத் தடவிப் பார்த்து, எங்கே பட்டையோடு ஒட்டவில்லையோ அங்கே உளியை வைத்து, சின்னச் சின்ன அடியாக ஒரு மணி நேரம் அடித்தார். கடைசி அடியில் வேர் அறுந்து பிரிந்தபோது மரம் ஒரு பெருமூச்சு விட்டது. உள்ளே ஐந்து மாதமாகக் கிடந்த சூடு முழுவதும் பள்ளத்திலிருந்து ஆவியாகக் கிளம்பிவந்து, எங்கள் மூக்குக் கண்ணாடிகளை மூடி, தெருவை மூடி, ரோட்டில் போன பஸ்ஸை நிறுத்த வைத்து, ஒரு நாழிகை நேரம் பனச்சவிளை முழுவதும் வெந்த சக்கை வாசனையாக நின்று பிறகு கலைந்தது. அதன் பின் மரம் வியர்த்தது. மழை நின்ற பிறகும் ஒவ்வோர் இலையிலிருந்தும் சொட்டியது. சாயங்காலம் வரை சொட்டி, கால் மணிக்கு ஒருமுறை காய்ச்சல் இறங்கி இறங்கி, ஆறு மணிக்குத் தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறவே இல்லை. சிஸ்டர் அட்டையைக் கிளையிலிருந்து கழற்றினார். நாங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்தோம்.

மறுநாள் காலை எபனேசரின் கை மடியில் கிடந்தது. சுண்டுவிரல்கூட அசையவில்லை. சிஸ்டர் தொட்டுப் பார்த்தார், ஐஸ் போட்ட மீன் பெட்டியில் வைத்தது போலக் குளிர்ந்திருந்தது. "செரி," என்றார் எபனேசர். டம்ளரைச் சிஸ்டர் இடது கைப் பக்கம் வைத்தார்.

மூன்றாம் நாள் ரத்தினபாய் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து, ஆறிவிடாமல் சேலைத் தலைப்பில் பொத்தி எடுத்துக்கொண்டு வந்தாள். வாய் ஓயாத அவள் அன்று ஒன்றும் சொல்லாமல் கீழே உட்கார்ந்து அந்தக் கைக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் அடுத்த வீட்டிலிருந்து உப்பு வறுத்து வந்தது. அதற்கடுத்த நாள் மணல். அப்புறம் எருக்கிலை, ஆமணக்கிலை, நொச்சி, வெந்நீர் ரப்பர் பை, அயர்ன் பாக்ஸில் சூடாக்கிய துண்டு. யாரும் முறை போடவில்லை, ஆனாலும் முறை தானாக வந்தது. இருபத்தைந்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் வரும், யாரும் தவறவிடவில்லை. ஈரத் துணியை உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் தோட்டத்துக்கும் போய்க்கொண்டே அந்தச் சூட்டைச் சுமந்தோம். ஆவணி போனது, ஐப்பசி மழையும் போனது. கை அப்படியேதான் இருந்தது. சில வீடுகளில் மரத்தைச் சுற்றி இருந்த கல்லை இரண்டு வரிசை எடுத்துவிட்டோம், எதற்கு என்று யாரும் கேட்டால் பல்லி முட்டையிடுகிறது என்று சொன்னோம்.

மார்கழியில் மேற்குக் கிளை துளிர்த்தது. மாசியில், பள்ளத்துக்குக் கொஞ்சம் மேலே, அடிமரத்தில், முழங்கால் உயரத்தில் கட்டைவிரல் பருமனுக்குப் பிஞ்சு ஒன்று எட்டிப் பார்த்தது. சிஸ்டர் ஒரு சனிக்கிழமை காலை எபனேசரின் நாற்காலியை மண்மேல் இழுத்துக்கொண்டு வந்து, மரத்துக்குப் பக்கத்தில் போட்டு, அவருடைய வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கிப் பட்டைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"பாருங்க. சூடு இருக்கா?"

"இல்ல," என்றார் எபனேசர். "குளுந்து கெடக்கு. மரம் மரமா இருக்கு." கொஞ்சம் குனிந்து பிஞ்சைப் பார்த்தார். "இத இடிச்சக்கைக் கறிக்கு பறிச்சுடாத. பழுக்க விடணும்."

"ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு, அத யாரு பறிக்கப்போறா?"

"ரத்தினம்."

சிஸ்டர் சிரித்தார். சிரித்ததில் கொண்டை அவிழ்ந்தது. கொண்டை ஊசியை வாயில் கடித்துக்கொண்டு, ரத்தினத்தின் தலையில் இந்தப் பழி ஏன் என்று பல்லிடுக்கில் கேட்டுக்கொண்டே முடியைச் சுற்றினார். சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ரத்தினபாய் பதில் கொடுக்க வாயைத் திறந்து எட்டிப் பார்த்தவள், திறந்த வாயை அப்படியே பொத்திக்கொண்டாள். சிஸ்டரின் இரண்டு கையும் கொண்டையில் இருந்தது. எபனேசரின் கை, தாங்க யாரும் இல்லாமல், மரத்தின்மேல் இருந்தது.